பிறிஜெற் நோனாவுக்காகக் கொடுத்த ஐந்து கமிஷன்

1937 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை.

இன்று ஒரு சிறு பிழை தெரியவந்தது. பிழை என்னுடையது. முதலாளியின் வருமானக் கணக்கில் ‘கமிஷன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதும். நான் ‘திரும்பி வராத கமிஷன்’ என்று எழுதிவிட்டேன். நான் போகும் பின்னேரக் கணக்கு வகுப்பில் அப்போது அறவிட முடியாத, அதாவது வசூலிக்க முடியாத, கடன் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. செலவின் பெயரைப் படித்தவுடன் அதன் குணமும் தெரிய வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. வரிக் கந்தோருக்கும் பிடித்துவிட்டது போலிருக்கிறது. விளக்கம் சொல்ல நேரில் வரும்படி முதலாளிக்குக் கடிதம் வந்திருக்கிறது.

முதலாளி றேமண்டுக்குக் கொட்டாஞ்சேனையில் சவப்பெட்டிக் கடை. முன்பக்கம் பெட்டிகள். பின்பக்கம் கண்ணாடி வைத்த பிரேத வண்டியும், துக்க வீட்டார் போகிற மூடு வண்டியும், லாயத்தில் நாலு கறுப்புக் குதிரைகளும். நான் வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் வந்து, கோட்டையில் ட்ராம் பிடித்து வேலைக்கு வருகிறேன். கணக்கும் கடிதமும் என் பொறுப்பு. என் மேசை எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் ஊருக்கு எழுதவில்லை.

கடிதத்தை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு முதலாளி வந்தார்.

“என்ன மேன் நாகேந்திரம் இது?”

“கமிஷனைப் பற்றிக் கேக்கினம், முதலாளி. திரும்பி வராத கமிஷன் எண்டு எழுதினனான்.”

“ஏன் அப்பிடி எழுதினீர்?”

“திரும்பி வராததாலை.”

முதலாளி கடிதத்தை என் மேசையில் போட்டார். “உண்மையச் சொல்றதுக்கா உமக்கு மாசாமாசம் சம்பளம் தாறேன்?” என்றார்.

கமிஷன் விஷயம் இதுதான். சந்தியில் இருக்கும் டிஸ்பென்சரியில் மருந்து கலக்குபவர் பௌஸி நானா. எந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து போகிறது, எந்த வீட்டில் டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டு பிராந்தி மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதை முதலாளிக்குச் சொல்லுவார். சொன்னவுடன் கமிஷன் கொடுத்துவிட வேண்டும். “ஆள் போன பொறகு சொன்னா அது ஊருக்கே தெரிஞ்ச செய்தி, மொதலாளி. முந்திச் சொன்னாத்தான் தகவல்” என்பது அவருடைய கொள்கை. தகவல் பிந்தினால் எதிர்க்கடைக்காரன் முந்திவிடுவான். ஆகவே எல்லாக் கமிஷனும் முற்பணம்.

மற்றவர்கள் விஷயத்தில் பௌஸி நானா தவறியதில்லை. பிறிஜெற் நோனா விஷயத்தில் மட்டும் போன வருஷம் ஐந்து முறை தவறிவிட்டார்.

பிறிஜெற் நோனா கப்பல்களுக்குச் சாமான் கொடுத்த கொந்தராத்துக்காரர் ஒருவரின் விதவை. பெரிய வீடு, பெரிய காசு, நெஞ்சில் முட்டு என்கிற மூச்சிழுப்பு. வருத்தம் கூடும்போது பங்குச் சாமியார் வருவார், சாகப்போகிறவருக்குரிய அவஸ்தைப் பூசுதல் கொடுப்பார், உறவினர் முழங்காலில் நிற்பார்கள். நாலு குதிரை, பித்தளைப் பிடி வைத்த தேக்குப் பெட்டி என்று முதலாளியும் ஆயத்தமாக இருப்பார். சாமியார் போனதும் நோனா எழும்பி சூப் கேட்பா.

வரி என்று வந்தால் பெரிய தொகை இல்லை. முதலாளி பயந்தது வரிக்கு அல்ல, வரி கட்டுகிறவர் என்ற பெயருக்கு. அவருடைய மகள் செலீனுக்கு வயது இருபத்தாறு. மூன்று இடத்துப் பேச்சு, மாப்பிள்ளை வீட்டார் பிரேத வண்டியைக் கண்டதோடு நின்றுபோயிற்று. இப்போது நாலாவதாகத் துறைமுகத்தில் கிளாக்கர் உத்தியோகம் பார்க்கும் பையன் சரிவந்திருக்கிறான். கிராண்ட்பாஸில் உள்ள சிறிய வீடும் கொஞ்சக் காசும் சீதனம் என்று பேச்சு. நாளைப் புதன் போய் அடுத்த புதன்கிழமை பையனின் தாய் மதலேனா வந்து முடிவு சொல்லுவா. பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு கலியாணம்.

“இன்கம் டெக்ஸ் கட்டுறவன் எண்டு அந்த மனுசிக்குக் காதில விழுந்துதோ, கேக்கிற சீதனம் கிராண்ட்பாஸ் சின்ன வீடு போய் வெள்ளவத்தைப் பெரிய வீடா மாறிடும், மேன்,” என்றார் முதலாளி. “எனக்கு வெள்ளவத்தையில ஒரு பெட்டி வைக்கக்கூட இடமில்ல.”

அந்த ஐந்து கமிஷனையும் கழித்தால் முதலாளியின் வருமானம் வரி எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. கழிக்காவிட்டால் மேலே போய்விடுகிறது. நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் அப்படித்தான்.

உள்ளே இருந்து செலீன் வாசலுக்கு வந்து, “அப்பா, அவங்க வாற அண்டைக்காவது வண்டியைப் பின்னால விடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனா. தினமும் ஒரு முறை இதைச் சொல்கிறா.

மார்ச் 10, புதன்கிழமை.

வரிக் கந்தோரில் எங்கள் கணக்கைப் பார்ப்பவர் அசெசர் இராசரத்தினம். மெலிந்த மனிதர், மிகவும் மரியாதையானவர். இங்கிலீஷில் தொடங்கினார். முதலாளிக்கு வேர்ப்பதைக் கண்டு தமிழுக்கு வந்தார்.

“பயப்பிடாதேங்கோ. விளங்கிக்கொள்ளத்தான் கேக்கிறன். இந்தக் கமிஷன் ஆருக்குக் குடுத்தனீங்கள்?”

“டிஸ்பென்சரி பௌஸிக்கு, ஐயா.”

“எதுக்கு?”

“பிறிஜெற் நோனாவின்ட செத்தவீட்டுக்கு.”

“அந்த அம்மா எப்ப மோசம் போனவ?”

“இன்னும் போகல்ல.”

அசெசர் பேனையைக் கீழே வைத்தார்.

“அஞ்சு தரம் குடுத்திருக்கிறீங்கள்.”

“அஞ்சு தரமும் சாமியார் வந்திட்டுப் போனவர், ஐயா. சாமியார் கேற்றைத் தாண்ட முந்தி நோனா எழும்பி இருக்குது.”

அசெசர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. இப்படி ஒரு கணக்கு அவருக்கு இதற்குமுன் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

“இது நட்டமில்லை,” என்றார் கடைசியில். “அடுத்த வருஷ மழைக்கு இந்த வருஷம் குடை வாங்கினால் அந்தக் காசு நட்டமோ? இல்லைத்தானே. சாமானுக்கு முற்பணம் குடுத்திருக்கிறீங்கள். சாமான் இன்னும் வந்து சேரயில்லை. அவ்வளவுதான்.”

“எந்தச் சாமான், ஐயா?”

“அந்த அம்மா.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பாடத்தின்படி அசெசர் சொல்வது சரி.

“அவ போற வருஷத்துக் கணக்கிலை கழிச்சுக்கொள்ளுங்கோ.”

“அது எந்த வருஷம் எண்டு எப்பிடி ஐயா எனக்குத் தெரியும்?”

“அதைத் தீர்மானிக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லை,” என்றார் அசெசர். மிகவும் பணிவாகத்தான் சொன்னார். பிறகு இரக்கப்பட்டு ஒரு வழியும் காட்டினார். “வாங்கின ஆளிட்டை ஒரு கடிதம் எடுங்கோ. அந்தக் காசு இனித் திரும்பி வராது எண்டு அவர் எழுதித் தந்தால் பாக்கலாம்.”

வெளியே வந்ததும் முதலாளியின் முகம் தெளிந்துவிட்டது. “அவ்வளவுதானே? பௌஸி சல்லி திருப்பித் தரமாட்டான் எண்டு கொட்டாஞ்சேனைக்கே தெரியும். எழுதித் தாறதுக்கு என்ன கஷ்டம்?”

மார்ச் 11, வியாழக்கிழமை.

பௌஸி நானா எழுதித் தந்தார். அதுவும் உடனே தந்தார். டிஸ்பென்சரியின் பின்பக்கம் போய், மருந்துப் போத்தலுக்கு லேபல் எழுதுகிற அழகான கையெழுத்தில் ஒரு முழுத் தாள் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, “நல்லா விவரமா எழுதி ஈக்கிறேன், மொதலாளி,” என்று நீட்டினார். ஒட்டிய உறையை வழியில் திறப்பது முறையல்ல என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்தது இரண்டாவது பிழையோ தெரியாது.

அசெசர் உறையைக் கிழித்து எங்கள் முன்னால் வாசித்தார்.

“மதிப்புக்குரிய ஐயா, பிறிஜெற் நோனாவின் விஷயமாக நான் பெற்ற கமிஷன் எக்காரணம் கொண்டும் வீண்போகாது. என் தகவல்கள் அனைத்தும் நோயாளியின் மருந்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னவை. பத்து வருஷத் தொழிலில் என் சொல் சில நேரம் பிந்தியிருக்கிறது, பொய்த்ததில்லை. மேற்படி காரியம் கூடிய சீக்கிரம் நிறைவேறும் என்று இதனால் உறுதி கூறுகிறேன்.”

அசெசர் கடிதத்தை மடித்து எங்கள் கணக்குக் கோவையில் வைத்தார்.

“நல்ல கடிதம். நேற்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இப்ப இல்லை. உங்கட காசு பத்திரமாத்தான் இருக்கு.”

“ஐயா, அவன் பொய் சொல்றான்!”

“பொய் சொல்லுற ஆளுக்கோ அஞ்சு தரம் காசு குடுத்தனீங்கள்?”

அசெசர் மீண்டும் இரக்கப்பட்டார். எனக்கு அவருடைய இரக்கத்தைக் காணப் பயமாக இருந்தது. “வேறை ஒரு வழி இருக்கு. அந்தச் செத்தவீடு உங்களுக்கு வரவே வராது, வேறை கடைக்குத்தான் எண்டு அந்த அம்மாவே ஒரு துண்டு எழுதித் தரட்டும். பிறகு நீங்கள் குடுத்த கமிஷன் வீண்தான். நான் கழிச்சுவிடுறன்.”

திரும்பும் வழியில் முதலாளி நேரே டிஸ்பென்சரிக்குள் நுழைந்தார். கவுண்டரில் நின்ற இரண்டு நோயாளிகள், சவப்பெட்டிக் கடைக்காரர் தங்களைப் பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்து வெளியே போய்விட்டார்கள்.

“நான் என்ன எழுதச் சொன்னேன், நீ என்ன எழுதி வச்சாய்?”

“கோவப்படாதீங்க, மொதலாளி. சல்லி திரும்பி வராது எண்டு கடிதம் குடுத்தா, நாளைக்கி எவன் எனக்கு முற்பணம் தருவான்? எனக்கும் ஒரு பேர் ஈக்கிதானே.”

“அஞ்சு தரம் பிழைச்சிருக்கு உன்ட தகவல்!”

“ஏன்ட தகவல் பிழ இல்ல,” என்றார் பௌஸி நானா. “நேரந்தான் பிழ.”

மார்ச் 12, வெள்ளிக்கிழமை.

பிறிஜெற் நோனாவின் வீட்டுக்குப் போனோம். நோனா முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. பாஸ்குவுக்கு முந்திய தவசுகாலமாதலால் இறைச்சி இல்லை என்று வருத்தப்பட்டா. முதலாளியைக் கண்டதும் சிரித்தா.

“றேமண்ட்! என்னடா, இந்த முறை முட்டு வர முந்தியே வந்திட்டாய்?”

முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எனக்குத் தெரியாதெண்டா நினைச்சாய்? ஒவ்வொரு முறை கண்ணைத் திறக்கிற நேரமும் எதிர்ப் பக்கத்தில உன்ட குதிரை நிக்குது. ஒருநாள் என்ட குரோட்டன்ஸ் செடியையும் திண்டிட்டுப் போயிட்டுது.”

“மன்னிக்கணும், நோனா. இண்டைக்கு வந்தது வேற விஷயம். ஒரு சின்னத் துண்டு எழுதித் தரணும்.”

“என்ன துண்டு?”

“உங்கட காரியத்தை என்னட்ட தரமாட்டன் எண்டு.”

நோனா மீன் முள்ளைத் தட்டில் வைத்தா.

“ஏன்? என்ட காரியம் உனக்குக் காணாதா?”

“அப்பிடி இல்ல, நோனா…”

“ஆர் சொன்னது எங்கட வீட்டில சல்லி வராது எண்டு? என்ட அண்ணன்ட பொடியன்மார்தானே? எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடினா அவனுகள் என்னைப் பலகைப் பெட்டியில போட்டு றிக்‌ஷோவில அனுப்பிப்போடுவானுகள். அதைக் கேள்விப்பட்டுத்தானே நீயும் பின்வாங்குறாய்?”

“இல்ல, நோனா, வரிக் கந்தோரில…”

“இரு.”

நோனா எழும்பி உள்ளே போனா. நடையில் ஒரு நோயும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டுக் காசு. முதலாளியின் கையைப் பிடித்து அதற்குள் வைத்து அழுத்தினா.

“முழுக்காசு. நாலு குதிரை. தேக்குப் பெட்டி. மெழுகுதிரி பெரிசு. தம்பி, நீர்தானே கணக்குப் பிள்ளை? ரசீது எழுதும்.”

முதலாளி எனக்குத் தலையால் சைகை காட்டினார். எழுதாதே என்ற சைகை. ஆனால் நோனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. காசு கைமாறியதும் ரசீது எழுத வேண்டும் என்பது வகுப்பில் முதல் நாள் படித்தது. நான் எழுதினேன்.

தெருவுக்கு வந்ததும் முதலாளி கேட்டார்: “இப்ப கணக்கு எப்பிடி நிக்குது?”

“போன வருஷக் கணக்கு இருந்தபடியே இருக்கு, முதலாளி. இது இந்த வருஷத்துக் கணக்கு.”

“அப்ப?”

“இந்த வருஷத்துக்கும் வரி வரும்போலை.”

அன்று பின்னேரம் வகுப்பில் மாஸ்டர், கணக்கு எழுதுகிறவன் முதலாளிக்கு வலது கை என்றார். நான் குனிந்துகொண்டேன்.

மார்ச் 15, திங்கட்கிழமை.

சனியும் ஞாயிறும் முதலாளி சரியாகச் சாப்பிடவில்லை என்று செலீன் சொன்னா. “எனக்காக இவ்வளவு பாடு படவேணாம் எண்டு அப்பாட்ட சொல்லுங்க. வரியைக் கட்டட்டும். வாறவங்க வருவாங்க,” என்றா. சொல்லிவிட்டு, புதன்கிழமைக்கு உடுக்க வைத்திருந்த சாரியை மீண்டும் ஒருமுறை இஸ்திரி போட்டு மினுக்கப் போனா. நான் அந்தச் செய்தியை முதலாளியிடம் சொல்லவில்லை.

காலையில் முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுக்கப் போனார். நோனா வாங்க மறுத்தா. வேறு வழியில்லாமல் அவர் முழுக் கதையையும் சொன்னார். சொல்லச் சொல்ல நோனாவின் முகம் சிவந்தது.

“என்னது? என்ட சாவு முற்பணமா?”

“அசெசர் அப்பிடித்தான் சொல்றார், நோனா. நிச்சயம் வருமாம். கொஞ்சம் பிந்தியிருக்காம்.”

“எங்க இருக்கிறான் அவன்? கூட்டிக்கொண்டு போ என்னை.”

“இப்பவா?”

“இப்பவே!”

அந்த நேரத்தில் முதலாளியிடம் குதிரை பூட்டி நின்றது துக்க வீட்டார் போகிற கறுப்பு மூடு வண்டி ஒன்றுதான். கிராண்ட்பாஸில் ஒரு வீட்டுக்குப் போக ஆயத்தமாக நின்றதை நோனாவின் வாசலுக்கு வரவழைத்தோம். நோனா அதில் ஏறி, பக்கத் திரையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தா. வழியெல்லாம் ஆண்கள் நின்று தொப்பி கழற்றினார்கள். நோனா ஒவ்வொருவருக்கும் கை அசைத்தா. டிஸ்பென்சரி வாசலில் நின்ற பௌஸி நானா வண்டியைக் கண்டு முதலில் முகம் மலர்ந்தார். பிறகு உள்ளே இருப்பது யார் என்று கண்டு, கையிலிருந்த மருந்துப் போத்தலோடு உள்ளே போய்விட்டார்.

கந்தோரில் அசெசரின் அறை இரண்டாம் மாடியில். முதலாளி முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். நோனா நிற்கவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது அசெசர் எழும்பி நின்றுகொண்டிருந்தார், நோனா அவருடைய கதிரையில் இருந்தா.

“நீர்தானா என்னைச் சாமான் எண்டவர்?”

“அம்மா, நான் அம்மாவைச் சொல்லயில்லை. கமிஷனைத்தான்…”

“எனக்கு என்ன வயசு இருக்கும்? சொல்லும்.”

அசெசர் தயங்கினார். “ஒரு அறுபது…”

“அறுபத்தாறு. என்ட அம்மா எத்தனை வயசில செத்தது, தெரியுமா? தொண்ணூத்தேழு. அதுவும் வருத்தத்தில இல்ல. பலா மரத்தில ஏறி விழுந்து. கழிச்சுப் பாரும். நீர்தானே கழிக்கிறவர்?”

அசெசர் பழக்கத்தில் பேனையை எடுத்துக் கழித்தார். “முப்பத்தொண்டு வருஷம், அம்மா.”

“முப்பத்தொண்டு வருஷம்! அதுக்குள்ள நீர் பென்ஷன் எடுத்திருப்பீர். இந்தக் கந்தோர் ஆர்ட கையில இருக்குமோ. றேமண்ட் இருப்பானோ தெரியாது, பாரும் அவன் மூச்சு வாங்குறதை. இந்த மனுசன் என்ட சாவுக்குக் குடுத்த சல்லி நட்டமா இல்லையா? ஆண்டவனுக்குப் பொதுவாச் சொல்லும்!”

அசெசர் முதலாளியைப் பார்த்தார். நோனாவைப் பார்த்தார். மாடிப்படியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நின்றபடியே கோவையை இழுத்து எழுதினார்: “மேற்படி கமிஷன் நியாயமான காலத்துக்குள் பலன் தரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. நட்டமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது.”

நோனா கொடுத்த காசைப் பற்றி நான் கேட்டேன்.

“அவ இருக்கும்வரைக்கும் அது வருமானமில்லை, தம்பி. கைக்காவலுக்கு வைச்சிருக்கிற காசு. அப்பிடி எழுதும்.”

அதாவது போன வருஷத்துக்கும் வரி இல்லை, இந்த வருஷத்துக்கும் வரி இல்லை. வரி இல்லை என்று அசெசர் முத்திரையிட்டு ஒரு கடிதமும் தந்தார். முதலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“கேட்டியா, றேமண்ட்?” என்றா நோனா, படியால் இறங்கிக்கொண்டே. “நட்டமாம். அரசாங்கமே கையெழுத்துப் போட்டிருக்கு.” அவ்வளவு பெருமையாக ஒருவர் வரிக் கந்தோரைவிட்டு இறங்கியதை நான் கண்டதில்லை.

மார்ச் 17, புதன்கிழமை.

வண்டிகள் இரண்டும் பின்பக்கத்து ஒழுங்கைச் சந்துக்குப் போய்விட்டன. முன்னால் இருந்த பெட்டிகளுக்கு மேல் செலீன் பூப்போட்ட துணி விரித்து, அவற்றை அலுமாரி போல ஆக்கியிருந்தா. கணக்கு விஷயம் ஏதும் வந்தால் சொல்லுவதற்காக என்னையும் இருக்கச் சொன்னார்கள்.

முதலாளி தன்னிடமிருந்த கோட்டுகளில் முழங்கை தேய்ந்ததைத் தேடிப் போட்டுக்கொண்டார். சாதாரண மனிதர் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமாம்.

மதலேனா ஐந்து மணிக்கு வந்தா. நல்ல உயரமான பெண்மணி, கையில் குடை. கதிரையில் இருந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தா. முதலாளியின் முழங்கையையும் பார்த்தா. செலீன் தேத்தண்ணி கொண்டுவந்தபோது அவவிடம் இரண்டு மூன்று கேள்வி அன்பாகக் கேட்டா. பெட்டையைப் பிடித்திருக்கிறது என்பது எனக்கே விளங்கியது. ஆனால் சீதனப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

முதலாளிக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. சீதனமாக இன்னும் பெரிய வீடு கேட்கப்போகிறா என்று நினைத்துவிட்டார்.

“நான் பெரிய ஆள் இல்லை, மிஸிஸ். உள்ளதைச் சொல்றேன். கிராண்ட்பாஸ் வீடுதான் என்னட்ட இருக்கு. அதுக்கு மேல கேட்டா நான் எங்க போவேன்?”

“நாங்க அதுக்கு மேல ஒண்டும் கேக்கல்லியே,” என்றா மதலேனா.

“கேக்கமாட்டீங்க எண்டு தெரியும். ஆனா ஊரில நாலு கதை கதைப்பாங்க. றேமண்ட் இன்கம் டெக்ஸ் கந்தோருக்குப் போறான், வாறான் எண்டு. நீங்க அதையெல்லாம் நம்பக்கூடாது. ஓம், கூப்பிட்டாங்கதான். விசாரிச்சாங்கதான். கடைசியில என்ன நடந்தது? நாகேந்திரம், அந்தக் கடிதத்தை எடும்.”

நான் எடுத்துக் கொடுத்தேன். முதலாளி அதை இரண்டு கையாலும் மதலேனாவிடம் நீட்டினார்.

“வாசிச்சுப் பாருங்க. வரி கட்டுற அளவுக்கு றேமண்டுக்கு வருமானம் இல்லை எண்டு அரசாங்கமே எழுதித் தந்திருக்கு. இனி ஆரும் ஒண்டும் சொல்லேலாது.”

மதலேனா வாசித்தா. திரும்பவும் மேலிருந்து வாசித்தா. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. கதவுக்குப் பின்னால் செலீனின் வளையல் சத்தம் நின்றுபோனது.

“மிஸ்டர் றேமண்ட்,” என்றா. “சவப்பெட்டிக் கடையிலயா பொண்ணெடுக்கிறீங்க எண்டு கோயில் வாசல்ல கேட்ட எல்லாருக்கும், ‘அது கடையில்ல, இன்கம் டெக்ஸ் கட்டுற வீடு’ எண்டு சொல்லித்தானே நாங்க இந்தக் கலியாணத்துக்கே ஓம் எண்டனாங்கள்!”

நாளை வியாழக்கிழமை செய்ய வேண்டியது: கந்தோர் திறந்தவுடன் அசெசர் இராசரத்தினத்தைக் கண்டு, முதலாளியிடமிருந்து தயவுசெய்து வரி அறவிடும்படி மனுக் கொடுப்பது.